அறுநூற்று நாற்பது கிராம்

என் மகள் முதன்முதலாகத் தன் கையால் சம்பாதித்தது ஆயிரத்து இருநூறு ரூபாய். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு மருதாணி போடக் கம்பம் ஊரிலிருந்து வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நோட்டில் பூவும் கொடியுமாக வரைந்து தள்ளுகிறவள் என்று யாரோ சொல்ல, இவளைக் கூப்பிட்டார்கள். காலையில் போனவள் சாயங்காலம் வரை குனிந்தே உட்கார்ந்து, மணப்பெண்ணோடு சேர்த்து ஏழு பேருக்குப் போட்டுவிட்டு வந்தாள். மருதாணிக் கோனைப் பிழிந்து பிழிந்து கட்டைவிரல் வீங்கியிருந்தது. பணத்தை என் கையில் வைத்து, "அத்தா, இதுக்கு எனக்குக் கொலுசு வாங்கித் தாங்க" என்றாள். எங்கள் வீடுகளில் தகப்பனை அத்தா என்றுதான் கூப்பிடுவது வழக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த வெள்ளிக் கடை ஒன்று பஜாரில் இருக்கிறது. கடைக்காரர் மெல்லிசான கொலுசுகளைத் தட்டில் பரப்பினார். மகள் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. கடைக்காரரிடம் கேட்டேன்: "இந்தக் கொலுச இன்னைக்கு ஆயிரத்து இருநூறுக்கு வாங்கிட்டு, நாளைக்கே திருப்பிக் கொண்டாந்தா எம்புட்டு தருவீக?"

அவர் சிரித்தார். "பாய், கூலி, சேதாரம் ரெண்டும் போயிரும். உள்ள இருக்குற சுத்த வெள்ளிக்குத்தான் காசு. எண்ணூறு வந்தா பெருசு."

"கேட்டியாம்மா? ஒரு ராத்திரில நானூறு ரூபா போச்சு" என்றேன் மகளிடம், கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு பத்து கிராம் சுத்த வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டச் சொன்னேன். இதற்குக் கூலி கொஞ்சம்தான், திருப்பிக் கொடுத்தால் ஏறக்குறைய அன்றைய விலை கிடைக்கும் என்று விளக்கினேன். அவள் கொலுசைத் தட்டில் வைத்தாள். திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்த்து, மறுபடியும் வைத்தாள். காசை வாங்கினாள். பில்லில் அவள் பெயரையே எழுதச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பில்லைச் சின்னமனூர் தாண்டும் வரை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடை. ஓடைப்பட்டி, ராயப்பன்பட்டி பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வால்வும் டியூபும் வாங்க வந்தால், சாமான் எடுத்து வைப்பதற்குள் என் மகளின் கொலுசுக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "உங்கள மாதிரி ஒரு தகப்பன் வேணும் பாய்" என்று ஒருவர் சொன்னார். அந்த வாக்கியத்தை வீட்டில் வந்து மனைவியிடம் ஒப்பித்தேன்.

வட்டி எங்களுக்குக் கூடாது. அதனால் வங்கியில் வைப்பு போட்டு வட்டி வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தங்கம் அவள் வருமானத்துக்கு எட்டாது. ஆகவே வெள்ளி. மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தேதி, எடை, விலை எல்லாம் எழுதச் சொன்னேன். "ரூபாயப் பாக்காத, கிராமப் பாரு. ரூபா இன்னைக்கு ஒண்ணு பேசும், நாளைக்கு ஒண்ணு பேசும். கிராம் மாறாது" என்று சொல்வேன். விலை இறங்கினால் அழக் கூடாது, ஏறினால் குதிக்கக் கூடாது, ரொம்ப ஏறினால் மூன்றில் ஒரு பங்கை விற்றுப் பணமாக்கிக்கொள்ள வேண்டும், தெரியாத வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் நான் சொன்னதுதான். அவள் நீலப் பேனாவில் எழுதிக்கொண்டாள்.

அவள் கை நன்றாகத் திருந்தியது. கல்யாண மாதங்களில் கம்பம், சின்னமனூர் வரைக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெருநாளுக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டு முன்னறையில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வந்த பணத்தில் கோனுக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சமெல்லாம் வெள்ளி. பத்து கிராம், இருபது கிராம், ஒருமுறை நூறு கிராம் கட்டி. இரண்டரை வருஷத்தில் அறுநூற்று நாற்பது கிராம் சேர்ந்தது. பிளஸ் டூ நெருங்கியதும் மருதாணிக்குப் போவதைக் குறைத்தாள், வெள்ளி வாங்குவதும் அதோடு நின்றது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என் பீரோவில் வைத்திருந்தோம். பீரோச் சாவி என்னிடம். அது அப்போது எனக்கோ அவளுக்கோ வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை காலம் தப்பிப் பெய்து திராட்சைக் குலைகள் வெடித்துவிட்டன. தோட்டக்காரர்கள் புதுக் குழாய் போடுவதைத் தள்ளிவைத்தார்கள். கடையில் நாள் முழுக்க ஈ ஓட்டினேன். அப்போது என்னோடு பள்ளியில் படித்த ஒரு கூட்டாளி அடிக்கடி கடைக்கு வந்து உட்காருவான். ஏலக்காய் வாங்கி விற்கிறவன். ஒரு நாள் அவன் தன் போனில் ஓர் ஆப்பைக் காட்டினான். வெள்ளியைக் கையில் வாங்காமலே, விலை ஏறும் என்றோ இறங்கும் என்றோ முன்கூட்டியே பேரம் வைக்கிற வியாபாரம். கொஞ்சம் பணம் கட்டினால் பல மடங்கு வெள்ளிக்குப் பேரம் வைக்கலாம்.

"நீதான் வெள்ளியில வாத்தியாராச்சேடா. ஒனக்குத் தெரியாததா?" என்றான்.

அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அவன் சூது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். வாத்தியார் என்று சொன்னான். இது நம் மார்க்கத்துக்குச் சரியில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வட்டி வேண்டாம் என்று வீட்டில் பிரசங்கம் செய்கிறவன் நான். தெரிந்தே போனேன். முதல் பத்து நாளில் எட்டாயிரம் ரூபாய் கிடைத்தது. மனைவிக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்து, பழைய பாக்கி ஒன்று வந்ததாகச் சொன்னேன். பிறகு விலை இறங்க ஆரம்பித்தது. ஏறிவிடும் என்று இன்னும் கட்டினேன். இன்னும் இறங்கியது. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனில் செய்தி வந்தது. இன்றைக்குள் ஐம்பதாயிரம் கட்டாவிட்டால் என் பேரத்தை அவர்களே முடித்துவிடுவார்கள், அதுவரை கட்டியது எல்லாம் போய்விடும். மனைவி அக்கம்பக்கத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்தேன். மூன்று நாளில் விலை திரும்பிவிடும், விற்ற எடையை அப்படியே வாங்கி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றெல்லாம் யோசித்தேன். டப்பாவோடு அவளுடைய பில்களையும் எடுத்துக்கொண்டேன், பில் இருந்தால் விலை நன்றாகக் கிடைக்கும் என்பதற்காக.

எங்களைத் தெரிந்த கடைக்குப் போகவில்லை. தேனியிலேயே வேறொரு கடை. அங்கிருந்த பெரியவர் காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடை போட்டார். பில்களைப் புரட்டினார். "எல்லாம் ஒரு பொம்பளப் புள்ள பேருல இருக்கே?"

"என் மகதான். படிப்புச் செலவு" என்றேன்.

"நல்ல புள்ள. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே பணத்தை எண்ணினார்.

ஐம்பத்தைந்தாயிரம் சொச்சம் கிடைத்தது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே போன் வழியாகக் கட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் போய்விட்டது. ஜும்மா தொழுகைக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என்னால் இன்றுவரை யாரிடமும் சத்தமாகச் சொல்ல முடியாதது. வெறும் டப்பாவை யாராவது தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம் வந்தது. கடையிலிருந்து அரை இஞ்ச் பித்தளை வால்வுகளைத் தராசில் வைத்துப் பார்த்து, அறுநூற்றுச் சொச்சம் கிராம் வருகிற மாதிரி எடுத்தேன். ஆட்டினால் சத்தம் கேட்காமலிருக்க ஒவ்வொன்றையும் துணியில் சுற்றினேன். வெள்ளியை விற்ற கடையில் பில்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அவற்றை மேலே வைத்தேன். மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மகள் பீரோவில் ஏதோ தேடும்போது பார்த்துவிட்டாள். "என்னத்தா, டேப்பு ஒட்டியிருக்கீக?"

"காத்துப் பட்டா வெள்ளி கருத்துப் போகும்மா. காத்துப் புகாம மூடி வச்சிட்டேன். விக்கிற அன்னைக்குத்தான் பிரிக்கணும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போய் நோட்டை எடுத்து வந்து அதையும் எழுதிக்கொண்டாள். வெள்ளியைக் காற்றுப் படாமல் வைக்க வேண்டும். என் பொய் அவளுக்கு இன்னொரு பாடமாகப் பதிந்தது.

நாலு மாதம் கழித்து ரமலான் வந்தது. ஒரு நாள் அசர் தொழுகை முடிந்து நான் வந்தபோது, நோன்புக் கஞ்சிக்கு மனைவி இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் நோட்டோடு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தா, நான் இந்த வருசம் ஜகாத் கொடுக்கணும்."

வெள்ளி அறுநூற்றுப் பன்னிரண்டு கிராமுக்கு மேல் ஒருவரிடம் ஒரு வருஷம் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். அது அவளாகப் படித்துத் தெரிந்துகொண்டது. நான் சொல்லித் தரவில்லை.

"நீ சின்னப் புள்ளம்மா. ஒனக்கெல்லாம் இப்ப கடமையில்ல" என்றேன்.

"அம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுல கேட்டுட்டு வந்தாக. வயசுக்கு வந்துட்டா கடமைதான்னு சொல்லிட்டாகளாம். அறுநூத்தி நாப்பது கிராம். போன ரமலானுக்கே அம்புட்டும் சேந்துருச்சு. நாப்பதுல ஒண்ணுன்னா பதினாறு கிராம். இன்னைக்கு வெலைக்கு ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம் வருது."

"டப்பாவப் பிரிச்சு எடை போட வேணாமா?" என்று மனைவி கேட்டாள்.

மகளே பதில் சொன்னாள்: "எதுக்கும்மா பிரிக்கணும்? பில்லுல எடை இருக்குல்ல. அத்தா காத்துப் புகாம ஒட்டி வச்சிருக்காக."

அவளிடம் அப்போது பணமாக இருந்தது இரண்டாயிரம் ரூபாய். அதில்தான் எடுத்தாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியும். மருதாணி போடப் போன இடத்தில் பழக்கம். புருஷன் இறந்து இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவள். மறுநாள் அவளை வரச் சொல்லி, கவரில் போட்டு வாசலில் வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கவரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மகள் தலையில் கை வைத்து இறைவனிடம் துஆ கேட்டாள். "இப்படி வளத்த ஒங்க அத்தாவுக்கும் அல்லா குறையில்லாம கொடுக்கணும்" என்றாள்.

நான் உள்ளே, நடையில், செருப்பு மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பின நிலையில் நின்றிருந்தேன். வெளியே போக வேண்டுமானால் அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் போகும் வரை சுவரைப் பார்த்தபடி நின்றேன். இல்லாத வெள்ளிக்கு என் மகள் ஜகாத் கொடுத்திருந்தாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். டப்பா பிரிபடுவதற்கு அதற்குப் பிறகும் ஏழு மாதம் இருந்தது. தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். அவள் பிளஸ் டூ முடியட்டும் என்று தள்ளினேன். முடிந்தது. கல்லூரியில் சேரட்டும் என்று தள்ளினேன். பி.காம். சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டிருந்த இடத்தில், வீட்டில் அத்தா சொல்லிக்கொடுத்ததால் ஆர்வம் வந்தது என்று எழுதியிருந்தாள். தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அதற்குக் கீழேயே இருந்தது. போட்டேன்.

அந்த வருஷம்தான் வெள்ளி விலை யாரும் நினைக்காத அளவுக்கு ஏறியது. தீபாவளி நெருங்க நெருங்க, நான் விற்ற விலையைப் போல் இரண்டு மடங்காகிவிட்டது. பேப்பரை மகள் கைக்குப் போகாமல் கடைக்கு எடுத்துக்கொண்டு போவேன், அவள் கையில் போன் இருப்பதை மறந்தவன் போல. ஒரு நாள் சாப்பிடும்போது, "அத்தா, நீங்க சொன்ன மாதிரி மூணுல ஒரு பங்க வித்துரலாமா?" என்று கேட்டாள். "இன்னும் ஏறும், பொறு" என்றேன். ரொம்ப ஏறினால் பேராசை கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்கு அடுத்த வாரம், நான் கடையில் இருந்தபோது, மதுரையிலிருந்து ஊருக்கு வந்திருந்த என் மைத்துனிக்குப் பீரோவிலிருந்து ஏதோ பத்திரம் வேண்டும் என்று மனைவி ஆள் அனுப்பிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பத்திரத்தை எடுத்த கையோடு, மகள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு தேனிக்குப் பஸ் ஏறிவிட்டாள். நல்ல விலைக்கு விற்று என்னை அசத்த வேண்டும் என்று நினைத்தாளாம்.

அங்கே நடந்ததைப் பிறகு மனைவி சொன்னாள். அதே பழைய கடை. கடைக்காரர் டேப்பைக் கத்தியால் கீறி, பில்களை எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டு, முதல் துணியைப் பிரித்தார். பித்தளை வால்வு. இரண்டாவதையும் பிரித்தார். மகள்தான் கையை நீட்டி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைப் போட்டாள். "அண்ணே, அவசரத்துல தப்பான டப்பாவத் தூக்கிட்டு வந்துட்டேன். இது அத்தா கடைச் சாமான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்று மனைவி சொன்னாள். கடைக்காரர் பில்களைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

இருவரும் வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தார்கள். நான் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவருக்கு டியூப் அளந்துகொண்டிருந்தேன். மகள் கையில் அந்த டப்பா. அவர் பணம் கொடுத்துவிட்டுப் போகும் வரை இருவரும் ஓரமாக நின்றார்கள். அவர் போனதும் மகள் மேஜைக்கு வந்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வால்வுகளை வரிசையாக வைத்தாள்.

"அரை இஞ்சு. ஸ்டாக்குல சேத்துக்கங்க" என்றாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"எப்ப வித்தீக அத்தா? நோம்புக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பின்னால் என்று சொல்லிவிட்டால் கொடுத்த ஜகாத் ஒன்றாவது அவளுக்கு மிஞ்சும் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் முடியவில்லை. "முன்னாடி" என்றேன்.

"அப்ப நான் கொடுத்தது?"

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அது தருமத்துல சேந்துரும்மா. வீணாப் போகாது."

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாளி, ஆப், செவ்வாய்க்கிழமை, எல்லாம். கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். "ஐம்பத்தஞ்சாயிரத்த எப்படியாவது பொரட்டித் தந்துர்றேன்மா" என்றேன்.

"ரூபா வேணாம் அத்தா. கிராமாத் தாங்க."

"அது இப்ப லட்சத்துக்கு மேல போகுமேம்மா. நான் வித்த வெலைக்குத்தான் என்னால..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. பெற்ற மகளிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் குழாய்க் கம்பெனி ஆளிடம் தள்ளுபடி கேட்ட அதே குரல். மனைவி அதுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அப்போதுதான் பேசினாள்.

"என் வளையல எடுத்து வித்திருந்தா நான் தாங்கியிருப்பேங்க. என்கிட்டக் கேட்டிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேன். அந்தப் புள்ள வெரலு வீங்கிச் சேத்தத எடுத்துட்டு, அங்கன பித்தளைய வச்சீகளே. அத எப்படி வைக்கத் தோணுச்சு ஒங்களுக்கு?"

வால்வுகளைப் பொறுக்கி ஸ்டாக் பெட்டியில் போட்டேன்.

என் பைக்கை விற்றேன். வந்த பணத்துக்கு இருநூறு கிராம் கிடைத்தது. கடைக்கு நடந்து போகிறேன். கேட்பவர்களிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறேன். அதன் பிறகு மாதம் இருபது கிராம். விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஏறுகிற மாதம் வீட்டுச் செலவில் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மகள் அம்மாவின் அலமாரியில் தனக்கென்று ஒரு பூட்டுப் போட்ட பெட்டி வைத்துக்கொண்டாள். நான் காசைக் கொடுத்தால், அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, "சரி அத்தா" என்பாள். முகம் சுளிப்பதில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முன்பு கல்லூரியிலிருந்து வந்தால் பாடத்தில் படித்ததை என்னிடம் சொல்லி வாதாடுவாள். அது நின்றுவிட்டது. கூட்டாளி இன்னும் கடைக்கு வருகிறான். ஆப் இல்லாத என் போனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனை வராதே என்று சொல்லக்கூட எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்த வருஷ ரமலானில் அவள் கையில் இருநூற்று எண்பது கிராம்தான் இருந்தது. ஜகாத் கடமையாகிற எடை இல்லை. ஆனால் மற்றவர் தர வேண்டிய பாக்கிக்கும் ஜகாத் உண்டா என்று மனைவி மூலம் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறாள். வரும் என்று நம்புகிற கடனானால் உண்டு, வராது என்று தெரிந்துவிட்ட கடனானால் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் அவள் நோட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, மிச்சம் முன்னூத்தி அறுவது கிராம் வந்துருமா? எனக்குத் தெரியணும். கணக்கெழுதணும்."

கோபத்தில் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. என்னைத் திருப்பிக் கொடுக்கிற மனிதனாக எழுதுவதா, கொடுக்காத மனிதனாக எழுதுவதா என்று.

"வரும்" என்றேன். இன்னொரு முறை சொன்னேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கடை நாளுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு குனிந்து, அறுநூற்று நாற்பதுக்கும் கணக்குப் போட்டு எழுதினாள். என்னை நம்பினாளா, அல்லது கடமையில் குறை வந்துவிடக் கூடாது என்று எழுதினாளா, நான் கேட்கவில்லை. விலை ஏறியிருந்ததால் தொகை போன வருஷத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. தன் மருதாணிப் பணத்தில் கொடுத்தாள்.

அந்த மாதத்துக்கான இருபது கிராமை வாங்க நான் தேனிக்குப் போனேன். பழைய கடையில்தான் வாங்க வேண்டும், அங்கேதான் திருப்பி எடுக்கும்போது பிடித்தம் குறைவு என்று மகள் சொல்லியிருந்தாள். அதுவரை மனைவியை அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை அடைத்திருந்தது. அதன் நிழலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எப்போதும் போல வாங்க பாய் என்றார். வால்வுகளைப் பார்த்த மனிதர். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. காசை எடை போட்டுக் காட்டினார். பில் யார் பேருக்கு என்று கேட்கவில்லை. அவரே என் மகள் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"பாப்பாவ ஏன் பாய் கூட்டிட்டு வரல? பாத்து ரொம்ப நாளாச்சே."

"காலேஜ் இருக்குண்ணே" என்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் தலையை நிமிர்த்தாமல் பில்லை எழுதி முடித்தார்.